பல்லிடுக்கில் இருந்த சிஸ்டர்

என் கல்யாண போட்டோவில் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் என் மனைவி பல் தெரியச் சிரிக்கிறாள். பார்க்கிறவர்கள், பையனை யாரோ கட்டாயப்படுத்தித் தூக்கிவந்து மாலை போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நடந்தது அதுவல்ல. நான் அன்றைக்கு உலகத்திலேயே சந்தோஷமான ஆள். போட்டோக்காரர்தான், "மாப்பிள, வாய மூடுங்க. பல்லுல பட்டு பிளாஷ் திரும்பி என் கண்ணுக்கே வருது" என்றார்.

எனக்கு எத்துப்பல். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். ஒரு வீட்டுக்குள் முதலில் என் பல் நுழையும், பின்னால் நான் நுழைவேன். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் தேங்காய்த்துருவி. இதையெல்லாம் அடுத்தவன் ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவேன். என்னைக் கோமாளி ஆக்கியது இந்த இரண்டு பற்கள்தான்.

பெண் பார்க்கப் போன அன்றும் கோமாளித்தனம்தான் காப்பாற்றியது. சாத்தூரில் அவர்கள் வீடு. பெண் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காபி கொண்டுவந்து நீட்டினாள். வாங்கி ஒரு வாய் குடித்தேன். அதற்கு முன்பு நான் நர்ஸ்களோடு பேசியதெல்லாம் ஊசி போட்டுக்கொள்ளும்போதுதான். அந்தப் பழக்கத்தில், "சிஸ்டர், சீனி கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவளுடைய அப்பா வாத்தியார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, சர்ச்சுல எல்லாரும் நமக்குச் சகோதரிதான். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அப்பிடிக் கூப்பிடாம இருங்க" என்றார். பெண் குனிந்து சிரித்த சிரிப்பில் காபித் தட்டு ஆடியது. அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். அன்று முதல் அவளை நான் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறேன். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடைவீதியில் நான் சிஸ்டர் என்று கூப்பிட, அவள் என்னங்க என்று கேட்க, புதிதாகப் பார்க்கிறவர்கள் எங்கள் உறவைப் பற்றிக் கொஞ்ச நேரம் குழம்புவார்கள். எங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி வேறெங்காவது எழுதுவேன், அல்லது எழுதமாட்டேன். அவள் துபாயில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. நான் விருதுநகரில் இருக்கிறேன். தினமும் பஸ் பிடித்து சிவகாசிக்குப் போய் ஒரு பட்டாசுக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் உட்கார்ந்து, ஊர் ஊராகக் கடைக்காரர்களுக்குப் போன் போட்டு ஆர்டர் எடுக்கிறேன். நாள் முழுக்கப் பேச்சுதான். ஆனால் அதெல்லாம் பெட்டிக் கணக்கு. எனக்கென்று நான் பேசுவது காலை ஏழரை மணிக்கு மட்டும். அங்கே அவள் டியூட்டிக்குப் போகிற வண்டியில் ஏறியதும் கூப்பிடுவாள். வண்டியில் மற்ற நர்ஸ்களும் இருப்பார்கள் என்பதால் முகம் பார்த்துப் பேசுவதில்லை, குரல் மட்டும்.

"சிஸ்டர், வண்டி ஏறியாச்சா?"

"ஏறியாச்சு. நீங்க சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன?"

"நேத்து வச்ச சாம்பார்."

"கொதிக்க வச்சீகளா?"

இவ்வளவுதான். இதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கதை, ஒரு ஆஸ்பத்திரிக்கதை, நான் ஒரு ஜோக், அவள் ஒரு சிரிப்பு. வண்டி நின்றதும் வைத்துவிடுவாள். நான் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். மற்றவர்களுக்கு ஏழரை என்றால் சனி. எனக்கு அதுதான் நாளின் நல்ல நேரம்.

ஒரு காலையில் அவள் சொன்னாள், அடுத்த லீவை நீளமாக எடுத்துக்கொண்டு எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு வருவதாக. "ஸ்டூடியோவுக்குப் போயி ஒரு போட்டோ எடுக்கணும். அந்தத் தடவதான் உம்முனு நின்னுட்டீக. இந்தத் தடவையாச்சும் சிரிங்க" என்றாள்.

அவள் சொன்னது சிரிங்க என்றுதான். என் காதில் விழுந்தது, பல்லைக் காட்டுங்க என்று. பஸ்ஸில் போகும்போது கண்ணாடி ஜன்னலில் என் முகம் தெரிந்தது. ஒரு மனிதன் ஐம்பது வயதில் தன் பல்லைக் கண்டு பயப்படலாமா? நான் பயந்தேன். திருத்தங்கல் வருவதற்குள் முடிவு எடுத்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் பல்லைச் சரிசெய்து, அவள் வந்து இறங்கும்போது சினிமாக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உங்க வயசுல பெரும்பாலும் பல்லப் புடுங்கத்தான் வருவாங்க. நீங்க அழகுக்கு வந்திருக்கீங்களே சார்" என்றார்.

"அழகுக்கு வரல டாக்டர். போட்டோவுக்கு வந்தேன்."

வெளியே பற்கள்மேல் கிளிப், உள்ளே மேலண்ணத்தில் குறுக்காக ஒரு கம்பி. இரண்டையும் ஒட்டிவிட்டார். சிகிச்சை முடியும்வரை நானாகக் கழற்ற முடியாது. கண்ணாடியில் பார்த்தேன். ரயில்வே கேட் போட்ட மாதிரி இருந்தது. எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்க இதைவிட என்ன வேண்டும் என்று உற்சாகமாகத்தான் வெளியே வந்தேன். எதிரே டீக்கடை.

"ஒரு டீ. தீனி கம்மியா."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தீனியா? வடை வேணாம்ங்கீகளா அண்ணாச்சி?"

"இல்ல, தீனி. தர்க்கரை."

"யாரு கூட தர்க்கம்?"

டீயைக் குடிக்காமலே திரும்ப டாக்டரிடம் ஓடினேன். அடுத்த ஆளின் வாய் திறந்திருக்க, நான் கதவருகில் நின்றுகொண்டு, "டாக்டர், என் எழுத்து ஒண்ணக் காணோம்" என்றேன். அவர் அந்த ஆளை முடித்து அனுப்பிவிட்டு என்னை உட்காரவைத்தார்.

"த சொல்லுங்க." சொன்னேன். நாக்கு மேல்பல்லின் பின்னால் போய் ஒட்டியது. "வ சொல்லுங்க." மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. "இப்ப ச." நாக்கு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"அதான் விஷயம். ச சொல்ல நாக்கு நடுவுல வாய்க்கால் மாதிரி குழியணும். அது வழியா காத்து வந்து முன்பல்லு நுனியில மோதணும். அந்த உரசல்தான் சத்தம். உங்க நாக்கு இத்தனை வருஷமா முன்னால தள்ளி நின்ன பல்லுக்கு ஏத்த மாதிரி ஒரு பாதை போட்டு வச்சிருக்கு. இப்ப உள்ள கம்பி வந்திருச்சு. இனிமே பல்லும் நகரும். நாக்கு மட்டும் பழைய விலாசத்துக்கே போயிட்டிருக்கு. பழகிக்கும் சார்."

"எந்த எழுத்துக்காவது பல்லே வேண்டாமா டாக்டர்?"

"ப, ம எல்லாம் உதடு. ழ இருக்கு. நாக்க மடிச்சாப் போதும்."

நல்ல ஆறுதல். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் மளை, பழம் பழுத்தால் பளம். பல்லே கேட்காத அந்த எழுத்தை யாரும் சீந்துவதில்லை. பல்லை நம்பியிருக்கிற ச-வை வைத்துத்தான் மொத்தத் தொழிலும் ஓடுகிறது. சரம், சங்கு சக்கரம், சாட்டை, சீனி வெடி, சீசன். ஊர்ப் பெயரே சிவகாசி. அன்று திரும்பும்போது கண்டக்டரிடம் நான் சில்லறை கேட்கவில்லை.

மறுநாள் ஏழரை மணிக்குப் போன் அடித்தபோது வேர்த்துவிட்டது. விஷயத்தைச் சொன்னால் இன்ப அதிர்ச்சி போச்சு. சொல்லாவிட்டால் எப்படிப் பேசுவது? ச-வே இல்லாமல் பேசிவிடலாம் என்று இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆச்சு, போச்சு மாதிரி நடுவில் அழுத்தி வருவது எப்படியோ தப்பித்தது. சொல்லின் தலையில் வந்து நிற்பதும் நடுவில் மெலிதாக வருவதும்தான் விழுந்தன.

"நீங்க சாப்பிட்டீகளா?"

"உணவு உண்டேன்."

"என்னது?"

"பருப்பு போட்ட குழம்பு ஊத்தி உண்டேன்."

"என்ன, பட்டிமன்றத்துல பேசுற மாதிரி பேசுறீக?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்து அவளைக் கூப்பிட வேண்டிய இடம் வந்தது. வழக்கமான சொல்லில் தலையிலும் இடுப்பிலும் அந்தச் சத்தம். சொன்னால் திட்டர் என்று வரும். திட்டுகிறவள் என்று அர்த்தமாகிவிடும். அவசரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பேரைச் சொன்னேன். அவள் பேரில் ச இல்லை. உதட்டாலேயே சொல்லிவிடக்கூடிய பேர்.

வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் மிகச் சிறியதாக வந்தது. "யாருக்கு என்ன ஆச்சு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் காலையில் போன் வந்து, பேசுகிறவர் வழக்கமில்லாத விதத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், எங்கோ ஒரு பட்டாசு ஆலையில் புகை கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். அவளுடைய தம்பி அச்சங்குளத்தில் ஒரு கம்பெனியில் போர்மேன்.

"தம்பி கம்பெனியிலயா? சொல்லிருங்க. நான் உக்காந்துதான் இருக்கேன்."

"ஒண்ணுமில்ல. அவன் நல்லாருக்கான். எல்லாரும் நல்லாருக்காங்க."

"அப்ப ஏன் எம் பேரச் சொன்னீக?"

"தும்மாதான்."

"தும்முனீகளா? சளியா? அதான் பேச்சே ஒரு மாதிரி இருக்கு. ஆவி பிடிங்க."

சும்மா என்று நான் சொல்லவந்தது தும்மலாகி என்னைக் காப்பாற்றியது. சில நாள் சளியை வைத்து ஓட்டினேன். வீட்டில் ஆரோக்கியமாக உட்கார்ந்து, தினமும் காலையில் போனில் இருமினேன்.

கம்பெனியில் சளி செல்லவில்லை. காரைக்குடியில் ஒரு கடைக்காரர், பழைய வாடிக்கை. வழக்கம்போல் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இந்தத் தடவ தரம் எப்பிடி, பெரிதா கொஞ்சம் போடவா?" என்றேன். சரத்தைத்தான் கேட்டேன்.

"தரத்த எங்கிட்ட கேட்டா? நீங்கதான செய்றீக. ஏன், தரத்துல ஏதும் கோளாறா?"

"இல்ல அண்ணாச்சி. தரம். பத்தாயிரம் தரம்."

"பத்தாயிரம் தரம் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன். மொதல்ல உங்க மொதலாளியப் பேசச் சொல்லுங்க."

அவர் அதோடு விடவில்லை. மானேஜரைக் கூப்பிட்டு, உங்கள் ஆளே சரக்கின் தரம் எப்படி என்று ஊரெல்லாம் விசாரிக்கிறாரே என்று கேட்டுவிட்டார். மானேஜர் என்னோடு ஒன்றாகச் சேர்ந்தவர்தான். கதவைச் சாத்திவிட்டு, "ஏலே, வாயத் திற" என்றார். திறந்தேன். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னலே இது, குடோனுக்குக் கம்பிவேலி போட்ட மாதிரி இருக்கு?"

"கல்யாண நாளுக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்குத்தான்லே. தில்வர் ஜூபிலி."

அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. ஆனால் சீசன் ஆரம்பிக்கிற நேரம். "கோச்சுக்காதல. வாயி தேறுற வரைக்கும் லேபிள் பாரு" என்று சொல்லிப் போனை என் மேஜையிலிருந்து எடுத்து இன்னொருவர் மேஜையில் வைத்துவிட்டார். அச்சகத்திலிருந்து வரும் பெட்டி லேபிள்களில் எழுத்துப்பிழை பார்ப்பது என் வேலை ஆயிற்று. எழுத்தைக் கண்ணால் பார்த்தால் போதும், வாயால் சொல்ல வேண்டாம். கிளியும் மயிலும் தாமரையுமாக நாள் முழுக்கக் கலர்க் காகிதங்கள். அவற்றில் ஒன்றுகூடத் திரும்பிப் பேசாது.

அப்போதுதான் தெரிந்தது, நான் எவ்வளவு குறைவாகப் பேசுகிறவன் என்று. ஊரே என்னை வாயாடி என்று நினைத்துக்கொண்டிருந்தது, நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனைப் பிடுங்கியபிறகு ஒருநாளில் என்ன மிச்சம் என்று பார்த்தால், பஸ்ஸில் ஊர்ப் பெயர், கடையில் பால் பாக்கெட், காலையில் ஏழரை. பஸ் பாஸ் வாங்கிக்கொண்டேன், ஊர்ப் பெயரும் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டுவிட்டு, அதில் யாராவது வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். வணக்கத்தில் ச இல்லை.

ஏழரையும் சுருங்கியது. ஜோக் சொல்ல முடியவில்லை. ஜோக் என்பது நேரத்துக்கு விழவேண்டிய சமாச்சாரம். ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்த்து வெளியே விட்டால் அது ஜோக் இல்லை, வாக்குமூலம். அவள் ஒரு கதை சொல்வாள், நான் ம் என்பேன். கூப்பிடுவதே இல்லை, சிஸ்டரும் இல்லை, பேரும் இல்லை. வண்டி நிற்பதற்கு முன்பே, "கரண்ட் போகப்போகுது" என்று எதையாவது சொல்லி வைத்துவிடுவேன். போனுக்கும் கரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

இப்படியே சில மாதம் போனது. ஒரு காலை நேரடியாகக் கேட்டாள். "குடிக்க ஆரம்பிச்சிருக்கீகளா?"

"தத்தியமா இல்ல" என்று வாய்விட்டுவிட்டேன்.

அதைக் கேட்டதும் அவள் குரல் மாறியது. மனைவி போய் நர்ஸ் வந்தாள். "இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க. ஒரு கை தானா எறங்குதா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினேன். என் வாயில் கம்பி இருப்பது எனக்குத் தெரியும். பேச்சு குழறுவதற்குக் காரணம் அதுதான் என்றும் தெரியும். இருந்தும் அவள் கேட்ட விதத்தில் இடது கை கொஞ்சம் கனமாக இருப்பதுபோல் தோன்றியது. இறங்குகிறதோ? உண்மையிலேயே எனக்குப் பக்கவாதம் வந்து, கம்பியின் மறைவில் ஒளிந்துகொண்டிருக்கிறதோ?

"எறங்குற மாதிரிதான் இருக்கு" என்றேன்.

"எதிர்வீட்டு டீச்சரக்காகிட்ட போனக் குடுங்க. இப்பவே. மெதுவா நடங்க."

ஒரு கையை மேலே தூக்கியபடியே தெருவைக் கடந்தேன். இறக்கச் சொல்லி அவள் சொல்லவில்லையே. டீச்சரக்கா ரிட்டயர் ஆனவர். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து அவரும் பதிலுக்குக் கையைத் தூக்கினார். போனை நீட்டினேன். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, டீச்சரக்கா கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"தம்பி, சிரிங்க. வாய் கோணுதான்னு பாக்கணுமாம்."

இதுவரை காப்பாற்றிய ரகசியம். உதட்டை மூடிக்கொண்டு சிரித்தேன்.

"நல்லாச் சிரிங்க தம்பி."

சிரித்தேன். டீச்சரக்கா அருகில் வந்து பார்த்தார். பிறகு போனில் நிதானமாகச் சொன்னார்: "கோணல்லாம் இல்லம்மா. இருந்த கோணலையும் நிமித்துறதுக்குக் கம்பி போட்டிருக்காரு."

போன் என் கைக்கு வந்தது. நான் காத்திருந்தேன். முதலில் மூச்சு இழுக்கிற சத்தம். அழுகிறாளா என்று நினைத்தேன். அப்புறம் சிரிப்பு. வண்டியில் இருந்த மற்றவர்களும் என்ன என்று கேட்க, அவள் சொல்ல, துபாயில் ஒரு வண்டி முழுக்க என் பல்லை நினைத்துச் சிரித்தது. எவ்வளவோ நாளுக்குப் பிறகு நான் அவளைச் சிரிக்கவைத்துவிட்டேன்.

"என்னத்துக்குங்க இது?"

"போட்டோவுக்கு. நீதான திரிங்கன்ன."

சிரிப்பு நின்றது. "அப்ப அந்த விசில் போயிருமா?" என்றாள்.

"எந்த விதில்?"

"உங்களுக்குத் தெரியாதா? சானா வந்தா உங்க பல்லுச் சந்துல ஒரு விசில் வரும். சின்னதா. புஸ்வாணம் பத்துனதும் மேல கிளம்புறதுக்கு முன்ன ஒரு சத்தம் வருமே, அப்பிடி. சிஸ்டர்னு சொல்லும்போது ரெண்டு தடவ வரும்." வண்டி நின்றுவிட்டது போல, பின்னால் மற்றவர்கள் இறங்கும் சத்தம் கேட்டது. அவள் இறங்கவில்லை. "இங்க ஆஸ்பத்திரி பூராவும் என்னைய சிஸ்டர்னுதான் கூப்பிடுறாக. நாளெல்லாம் சிஸ்டர், சிஸ்டர். விசிலோட கூப்பிடுற ஆளு ஒருத்தர்தான்."

ஐம்பது வருஷம் அந்த வாயை நான் வைத்திருந்தேன். அதில் ஒரு விசில் இருந்தது எனக்குத் தெரியாது. தேங்காய்த்துருவி என்று கூப்பிட்ட எவனும் அதைச் சொல்லவில்லை. தன் குரலைத் தானே கேட்கமுடியாது என்பார்கள். கேட்கிறவள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

அன்று லேபிள் பார்க்கப் போகவில்லை. டாக்டர் கடையைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன்.

"டாக்டர், நிறுத்திருங்க. நடுவுல கொஞ்சம் தந்து வேணும்."

"தந்தா?"

கையால் காட்டினேன். அவர் என் வாயைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சார், அந்தச் சந்து மூடி ரெண்டு வாரமாச்சு. முழுசா முடியறதுக்குத்தான் இன்னும் நாளாகும். எல்லாரும் சந்த மூடத்தான் வருவாங்க. திறக்கணும்னு வந்த மொத ஆளு நீங்கதான்." காரணம் கேட்டார். சொன்னேன். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தவர் கையுறையைக் கழற்றிவிட்டு, "பல்லு திரும்பப் பழைய இடத்துக்குப் போனாலும் அதே சத்தம் வரும்னு நான் சொல்லமாட்டேன் சார்" என்றார். பிறகு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பல்லை லேசாகச் சேர்த்து, நாக்கு நுனியைப் பின்னால் வைத்து, காற்றை மெல்ல விடவேண்டும்.

சாயங்காலங்களில் அதைச் செய்தேன். சரம். சங்கு சக்கரம். சாட்டை. சீனி வெடி. ஆளில்லாத வீட்டில் விலைப்பட்டியல் படிப்பதுபோல் இருக்கும். டீச்சரக்கா ஒருநாள், "யாரு தம்பி விருந்தாளி? பேச்சுச் சத்தமா கேக்கு" என்றார். நான்தான் என்றேன். ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "நல்லது. பேசுங்க" என்று போய்விட்டார்.

நாக்கு கடைசியில் புது விலாசத்தைக் கண்டுபிடித்தது. கிளிப் கழன்றது, மேலண்ணத்துக் கம்பியும் போயிற்று. ச திரும்பி வந்தது. ஆனால் போன ச அல்ல, வேறொன்று. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி சுத்தமான, ஓரம் மழித்த ச. மானேஜர் போனைத் திரும்ப என் மேஜைக்குக் கொண்டுவந்து வைத்தார். காரைக்குடிக்குத்தான் முதலில் போட்டேன்.

"அண்ணாச்சி, சரம் எத்தன பெட்டி?"

"யாரு பேசுறது?"

"நாந்தான் அண்ணாச்சி."

"நாந்தான்னா? பழைய ஆளு எங்க? நல்ல மனுசன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாரு. நின்னுட்டாரா?"

நான் அவரிடம் எவ்வளவோ சொன்னேன். நம்பினாரா தெரியாது. ஆர்டர் கொடுத்தார். "அவரப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லி வைத்தார்.

காலை ஏழரை மணிக்கு இப்போது சிஸ்டர் என்று தாராளமாகக் கூப்பிட்டேன். அவள், "நல்லா தெளிவா இருக்கு" என்பாள். அதைச் சொல்லும் முன் ஒரு சின்ன இடைவெளி விடுவாள். எதையோ எதிர்பார்த்து, வராமல், பிறகு பேசுவது போல. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ. பயந்தவன் காதில் எல்லாம் விழும்.

அவள் வந்து இறங்குகிற நாள். மதுரை விமான நிலையத்தில் கம்பிக்கு இந்தப்பக்கம் கூட்டம். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய பெட்டிகள், தூக்கத்தில் பிள்ளைகள். அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள், கண்ணாடி புதிது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி என்னைத் தேடினாள். நான் ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர்!"

சுத்தமாக, தெளிவாக, கூடம் முழுக்கக் கேட்டது. மூன்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூவரும் நர்ஸாகத்தான் இருக்கவேண்டும். அவள் திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஒரு பெண், "என்னையா சார்?" என்றாள். இல்லை என்றேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. பல்லைச் சேர்த்து, பிரித்து, நாக்கை முன்னே தள்ளி, அந்த விசிலைக் கொண்டுவர முயன்றேன். காற்றுதான் வந்தது. குண்டு மனிதர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் வெளிவாசலை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

வண்டி அப்படியே நின்றது. அவள் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. யாருக்கு என்ன என்று கேட்கப்போகிற முகம். என்னைப் பார்த்ததும், பின்னால் வேறு யாராவது அழுதுகொண்டு நிற்கிறார்களா என்று பார்த்தாள். நான் ஓடிப்போய், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்காங்க" என்றேன்.

"ஈரக்கொல நடுங்கிப் போச்சு. ஏன் பேரச் சொல்லிக் கூப்பிட்டீக? வழக்கம்போலக் கூப்பிடக் கூடாதா?"

"கூப்பிட்டேன். ரெண்டு தடவ. மூணு பேரு திரும்புனாக."

அவள் என் வாயைப் பார்த்தாள். நான் சிரித்துக் காட்டினேன். வரிசையாக, வெள்ளையாக, ஒரு குறையும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றாள். வண்டியின் கைப்பிடியை விடவில்லை.

காரியாபட்டி வழியாகக் கார் போனது. கருவேலங்காடு, தூரத்தில் ஆடுகள். வழக்கமாக இந்த வழி முழுக்க நான்தான் பேசுவேன், அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடிப்பாள். ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. ஏசி வேண்டாம் என்று அவள்தான் ஜன்னலை இறக்கியிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியை ஏற்றினாள். காற்றுச் சத்தம் நின்றது.

"சிஸ்டர்னு சொல்லுங்க."

சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கிழவர்களுக்கு ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தடவிப் பார்ப்பாள்.

"இன்னொரு தடவ."

"சிஸ்டர்."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

"கெடைக்குதா?" என்றேன்.

"தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல். "நீங்க சொல்லிக்கிட்டே வாங்க."